பங்காளி வீட்டு எலும்புகள்

போன இதழின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதை நிரப்ப, “25 கோடி ஆண்டுக்கு முன்னால் பன்றி அளவில், இரண்டே கோரைப்பல்லோடு லிஸ்ட்ரோசாரஸ் என்று ஒரு பிராணி இருந்தது. பெயரில் சாரஸ் இருந்தாலும் பல்லியைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதன் எலும்பு தென் ஆப்பிரிக்காவிலும் வங்காளத்திலும் அண்டார்டிகாவிலும் கிடைத்திருக்கிறது” என்று நாலு வரி எழுதினேன். பாம்பு விஷத்தைப் பற்றி மூன்று இதழ் மாங்கு மாங்கென்று எழுதியபோதுகூட இத்தனை கடிதம் வரவில்லை. எங்கள் மஞ்சக்குப்பம் தபால்காரர், “சார், ஏதாவது போட்டி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டார். ஆகவே இந்த முறை பாம்பு, தேள், பூரான் எல்லாம் காத்திருக்கட்டும்.

மாசி மகத்தன்று சில்வர் பீச்சில் என் மகனுக்கு ஒரு பை டைனோசர் பொம்மை வாங்கினோம். மொத்தம் 12. அதில் ஒன்றுக்கு முதுகில் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. அது டைனோசரே இல்லை என்கிறார் அவன் மாமா. பைமேல் டைனோசர் என்று போட்டிருக்கிறது என்கிறான் இவன். இரண்டு நாளாக வீட்டில் சண்டை. தீர்ப்பு சொல்லுங்கள், சார்.
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

மாமா ஜெயித்தார். ஆனால் மருமகனைத் திட்ட எனக்கு வாய் வராது. நான் வாத்தியாராக இருந்தபோது விலங்கியல் அறையில் ‘டைனோசர்கள்’ என்று ஒரு சார்ட்டை மாட்டி வைத்திருந்தேன். இந்தப் பாய்மரப் பிராணி அதன் நட்டநடுவில் நிற்கும். 11 வருஷம் அதன் கீழே நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பையன்கூடக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உங்கள் தம்பி மாதிரி ஒருவர் அப்போது இருந்திருக்கலாம்.

அதன் பெயர் டைமெட்ரோடான். ‘இரண்டு அளவுப் பல்’ என்று அர்த்தம். வாயின் முன்பக்கம் பெரிய பல், பின்னால் சின்னப் பல். 1878-இல் எட்வர்டு டிரிங்கர் கோப் என்ற அமெரிக்கர் வைத்த பெயர். எலும்புகள் பெரும்பாலும் டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் கிடைத்தவை. பெரியது நாலு மீட்டரைத் தாண்டும். முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் மேல்நோக்கி ஒரு நீண்ட முள் கிளம்பும். அந்த முட்களின் வரிசைதான் பாய்க்குச் சட்டம். வெயிலில் காய்ந்து உடம்பைச் சூடாக்கத்தான் அந்தப் பாய் என்று முன்பு சொன்னார்கள். ஜோடியை மயக்கவோ எதிரியை மிரட்டவோ என்ற கட்சி இப்போது பலமாக இருக்கிறது. மயில்தோகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இரண்டாவதை நம்புவது சுலபம்.

இது வாழ்ந்தது ஏறக்குறைய 29 கோடி ஆண்டிலிருந்து 27 கோடி ஆண்டுக்கு முன்புவரை. டைனோசர்கள் தலைகாட்ட அதற்கப்புறம் மூன்று கோடி ஆண்டுக்கு மேல் ஆயிற்று. காலமே ஒத்துவரவில்லை. உறவு அதைவிட ஒத்துவராது. தண்ணீரை நம்பாமல் தரையிலேயே முட்டையிடப் பழகிய பிராணிக் கூட்டம், 30 கோடி ஆண்டுக்கும் முன்னாலேயே இரண்டு வீடாகப் பாகம் பிரிந்துவிட்டது. ஒரு வீட்டில் பல்லி, பாம்பு, ஆமை, முதலை, டைனோசர், அதன் வழியில் பறவை. இன்னொரு வீட்டில் டைமெட்ரோடான், லிஸ்ட்ரோசாரஸ், பிற்பாடு எலி, யானை, நீங்கள், நான், அந்த மாமா. அதாவது, பையிலுள்ள மற்றப் பொம்மைகளைவிட அந்தப் பாய்மரப் பொம்மைக்கு உங்கள் மகன்தான் நெருங்கிய சொந்தம். மற்றவற்றுக்குச் சொந்தக்காரர் யார் என்று அவன் கேட்டால் கொல்லையில் மேயும் கோழியைக் காட்டுங்கள்.

“அப்படியானால் அது நம் கொள்ளுத்தாத்தாவா?” என்று அடுத்துக் கேட்பான். இல்லை, பங்காளி. டைமெட்ரோடானின் கிளை அதோடு முடிந்தது. லிஸ்ட்ரோசாரஸின் கிளையும் அப்படித்தான். அது டைசைனோடான்ட் என்ற கூட்டம், வாரிசில்லாமல் போன பெரியப்பா வீடு. நம் நேர்வழி சைனோடான்ட் என்ற இன்னொரு கூட்டம். பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதற்கு நான் பொறுப்பில்லை.

எலும்பை மட்டும் பார்த்து இது பல்லி வீடு, இது நம் வீடு என்று எப்படிச் சொல்கிறார்கள்? கொஞ்சம் அடித்துவிடுகிறார்களோ என்று சந்தேகம்.
– மருந்துக் கடைக்காரர், நெல்லிக்குப்பம்

கல்லாவில் உட்கார்ந்தபடியே சோதித்துப் பார்க்கலாம். பொட்டில், அதாவது கண்ணுக்குப் பின்னால் நெற்றி ஓரத்தில், விரலை வைத்துப் பல்லை இறுக்கிக் கடியுங்கள். விரலடியில் ஒன்று புடைக்கிறதல்லவா? அது தாடையை இழுக்கும் தசை. மண்டையோட்டின் பக்கவாட்டில், கன்னத்து எலும்பு வளைவுக்கு உள்பக்கமாக ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாகத்தான் தசை இறங்கித் தாடையைப் பிடிக்கிறது. நம் வீட்டுக்காரர்களுக்குக் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு ஓட்டை. முதலைக்கும் டைனோசருக்கும் பக்கத்துக்கு இரண்டு. ஆமைக்கு ஒன்றுமே இல்லை, அது தனி வழக்கு, இன்னொரு நாள் பேசலாம். டைமெட்ரோடான் மண்டையோட்டிலும் லிஸ்ட்ரோசாரஸ் மண்டையோட்டிலும் பக்கத்துக்கு ஒன்றுதான். சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு மாதிரி அது.

இதைவிட எனக்குப் பிடித்த அடையாளம் காது. பல்லியின் கீழ்த்தாடை பல எலும்பு சேர்ந்தது. நம் கீழ்த்தாடையோ பக்கத்துக்கு ஒரே எலும்பு, அவையும் நடுவில் ஒட்டிப் பிறை மாதிரி ஒன்றாகிவிட்டது. சரி, மிச்ச எலும்பெல்லாம் எங்கே போயிற்று? நம் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்பு இருப்பதைப் பள்ளியில் படம் போட்டிருப்பீர்கள். அதில் சுத்தியும் பட்டடையும் ஒரு காலத்தில் தாடையின் கீல். கருவில் வளரும் குட்டிகளை அறுத்துப் பார்த்து, ரைஷெர்ட் என்ற ஜெர்மானியர் 1837-இலேயே இதைச் சொல்லிவிட்டார். டார்வின் புத்தகம் வெளிவருவதற்கு 22 ஆண்டு முன்னால்! பிற்பாடு பாறையிலிருந்து சைனோடான்ட் எலும்புகள் வரிசையாக வந்தபோது, தாடைக் கீலெலும்பு தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துக் காதுப்பக்கம் நகர்வது அப்படியே தெரிந்தது. கங்காருக் குட்டி பிறக்கும்போது அந்த எலும்புகள் இன்றைக்கும் தாடையோடு ஒட்டித்தான் இருக்கும், வளர வளரத்தான் பிரியும்.

லிஸ்ட்ரோசாரஸுக்கு அவை தாடையிலேயே இருந்தன. ஆகவே காதுவலிக்குச் சொட்டு மருந்து கேட்டு வருகிறவரிடம், “பழைய தாடையில் வலியா?” என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். வியாபாரம் கெட்டால் என்மேல் வரக்கூடாது.

நான் 30 வருஷம் விசைப்படகில் கடலுக்குப் போனவன். வங்காளத்திலிருந்து அண்டார்டிகாவுக்கு ஒரு பன்றி நீந்திப் போனது என்றால் நான் நம்ப மாட்டேன்.
– கடலூர் முதுநகர் வாசகர்

அண்ணே, நீங்கள் சொல்வதுதான் சரி. அது நீந்தவில்லை. நடந்துதான் போயிற்று. அப்போது நடுவில் கடலே இல்லை.

இன்றைய இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லாம் அன்றைக்கு ஒட்டிக்கொண்டு ஒரே தரை. அந்தத் தென்பாதிக்குப் பெயர் கோண்ட்வானா. நடு இந்தியாவின் கோண்டு மக்களுடைய நாட்டின் பெயர் அது. நம் நாட்டுப் பாறைகளைப் பார்த்துத்தான் அந்தப் பெயரே வந்தது.

1986-இல் என் தங்கை வீட்டுக்காரருக்கு ஆசன்சோலில் வேலை. கோடை விடுமுறையில் போயிருந்தேன். எல்லோரும் காளி கோயிலுக்குப் போக, நான் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு தாமோதர் ஆற்றுப் பக்கம் போனேன். கரையில் பச்சை நிறத்தில் மணற்கல், இடையிடையே சிவப்புக் களிப்பாறை. பாஞ்செத் அடுக்கு என்பார்கள். அதற்குக் கீழே நிலக்கரி. அந்தப் பாஞ்செத் அடுக்கிலிருந்து எடுத்த டைசைனோடான்ட் எலும்புகளை 1865-லேயே லண்டனில் ஹக்ஸ்லி என்ற விலங்கியல் அறிஞர் விவரித்து எழுதினார். எனக்கு ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை. மண்டையில் வெயில் ஏறி, திரும்பி வந்து தங்கையிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். ஆனால் தென் ஆப்பிரிக்காவின் கரூ சமவெளியில் ஒருவன் இதே காலத்துப் பாறையை மிதித்துக்கொண்டு இதே பிராணியைத் தேடுவான் என்ற நினைப்பு, அந்த வெயிலிலும் நன்றாக இருந்தது.

கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் என்ற ஜெர்மானியர் 1912-இல் சொன்னபோது பலர் சிரித்தார்கள். அவர் 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் செத்துப்போனார். 1969-இல் எட்வின் கோல்பெர்ட் குழுவினர் அண்டார்டிகாவின் மலைத்தொடரில், கோல்சாக் பிளஃப் என்ற இடத்தில், லிஸ்ட்ரோசாரஸ் எலும்பை எடுத்தார்கள். மீனோ பறவையோ என்றால் கடல் தாண்டியிருக்கும் என்று வாதாடலாம். கட்டைக்கால் வைத்த இந்தப் பிராணியை வைத்து அப்படி வாதாட யாராலும் முடியவில்லை. நீங்கள் எழுதிய அதே காரணம்தான், அண்ணே.

இதன் முதல் மண்டையோட்டுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. அது பீடில் என்ற பிலடெல்பியா பாதிரியாரிடம் இருந்தது. அவர் மார்ஷ் என்ற பெரிய அறிஞருக்குக் கடிதம் எழுதினார். பதிலே வரவில்லை. மார்ஷுக்கு ஆகாத ஆள் நம் கோப். அவருக்குத் தகவல் போனதும் விழுந்தடித்து வாங்கிப் பார்த்து, 1870-இல் லிஸ்ட்ரோசாரஸ் என்று பெயர் வைத்து அச்சிலும் ஏற்றிவிட்டார். ‘மண்வாரிப் பல்லி’ என்று அர்த்தம். பல்லி என்றது தப்பு, மண்வாரி என்றது சரி. நான் எல்லாக் கடிதத்துக்கும் பதில் போடுவது ஏன் என்று ஆசிரியர் அடிக்கடி கேட்பார். இதனால்தான்.

எல்லாம் அழிந்தபோது இது மட்டும் தப்பித்தது என்கிறார்களே, அப்படி என்ன கெட்டிக்காரத்தனம்?
– முந்திரி வியாபாரி, பண்ருட்டி

பண்ருட்டிக்காரருக்கு இதைச் சொல்லச் சுலபமான வழி இருக்கிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல். உங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். என் கொல்லையில் ஒரு பலா, இரண்டு தென்னை, ஒரு முருங்கை எல்லாம் போயிற்று. மழை விட்டதும் முதலில் வெளியே வந்த உயிர் என்ன தெரியுமா? பெருச்சாளி. மதிலடி வளையிலிருந்து மூக்கை நீட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி உலாத்தப் போயிற்று. அடுத்த சில மாதத்தில் காலி மனை முழுக்க எருக்கும் ஆமணக்கும் பார்த்தீனியமும். பார்த்த இடமெல்லாம் அதே மூன்று செடி.

இப்போது அதைப் பூமி அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒரு ராத்திரியைப் பல்லாயிரம் ஆண்டாக நீட்டுங்கள். 25 கோடியே 20 லட்சம் ஆண்டுக்கு முன் சைபீரியாவில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு பெருகிற்று. அதோடு வந்த வாயுவால் காற்று சூடேறி, கடலில் பிராணவாயு குறைந்தது. கடல் இனங்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் போயின. தரையிலும் பெரும்பாலானவை போயின. டைனோசரை அழித்த விண்கல்லைவிட இது பெரிய சாவு. இதற்குப் பிந்திய கரூ பாறையில் சில அடுக்குகளில், கிடைக்கிற எலும்பில் பெரும்பங்கு லிஸ்ட்ரோசாரஸ்தான். பார்த்தீனியம் மாதிரி.

கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. நாட்டுப் பன்றி உருவம், ஆமை மாதிரி கொம்பு அலகு, மேல்தாடையில் இரண்டு கோரைப்பல், வேறு பல்லே கிடையாது. அழகிப் போட்டிக்குப் போகிற ஜாதி இல்லை. முன்னங்கால் மட்டும் நல்ல வலு, தோண்டுகிற கால். வளைக்குள் முடங்கும், கிடைத்த செடியை அலகால் நறுக்கித் தின்னும். 2020-இல் விட்னி, சிடோர் என்ற இருவர் அண்டார்டிகாவில் கிடைத்த ஆறு தந்தத்தையும் தென் ஆப்பிரிக்காவில் கிடைத்த நாலு தந்தத்தையும் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். அந்தத் தந்தம் வாழ்நாள் முழுக்க வளரும், மரம் மாதிரி உள்ளே வளையம் வளையமாகத் தெரியும். அண்டார்டிகாத் தந்தங்களில் சில வளையம் நெருக்கமாகவும் தடித்தும் இருந்தன. குளிர்காலத்தில் நீண்ட தூக்கம் போடும் பிராணிகளின் பல்லில் தெரிகிற அடையாளம் அது. அப்போது அங்கே பனிக்கட்டி மூடியிருக்கவில்லை. ஆனாலும் துருவத்தின் மாதக்கணக்கான இருட்டு இருந்ததே! உடம்பின் அடுப்பைத் தணித்துவிட்டு, இந்தப் பிராணி படுத்துக்கிடந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, எலும்பின் வளையங்களை எண்ணியது. பேரழிவுக்கு முந்திய லிஸ்ட்ரோசாரஸ்கள் 13, 14 வயதுவரை வாழ்ந்தவை. பிந்தியவை உருவத்திலும் சிறியவை, பெரும்பாலும் இரண்டு மூன்று வயதிலேயே செத்திருக்கின்றன. அவ்வளவு சின்ன வயதிலேயே இனம் பெருக்கித்தான் வம்சத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்கிறது அந்த ஆய்வு. தப்பித்தது என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். தப்பித்தது இனம். ஒவ்வொரு பிராணியின் பாடும் வேறாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் அந்தப் பெரியப்பா வீடு நன்றாகவே செழித்தது. அதே டைசைனோடான்ட் கூட்டத்தில் கடைசிக் காலத்தில் வந்த லிசோவிசியா, போலந்தில் கிடைத்தது, யானை அளவு.

திருவக்கரையில் என் பாட்டி ஊருக்குப் பக்கத்தில் எலும்பு மாதிரியே ஒரு கல் எடுத்தேன். அசுரன் எலும்பு என்பார் பாட்டி. உங்கள் லிஸ்ட்ரோசாரஸாக இருக்குமோ? போட்டோ இணைத்திருக்கிறேன்.
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு முனையில் வளைகோடும் பக்கவாட்டில் நார் ஓட்டமும் தெரிகிறது. மரம் அம்மா, கல்லாய்ப் போன மரம். திருவக்கரைக் கல்மரங்களைப் பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1781-லேயே எழுதி வைத்திருக்கிறார். வயது சுமார் 2 கோடி ஆண்டு. லிஸ்ட்ரோசாரஸுக்குப் பக்கத்தில் வைத்தால் நேற்றுப் பிறந்த குழந்தை. வக்கிராசுரனை வதைத்த ஊரில் இருந்துகொண்டு அசுரன் எலும்பு என்று சொன்ன பாட்டியின் கற்பனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்பதை அவர் சரியாகவே பிடித்துவிட்டார்.

நம் வட்டாரத்தில் அந்தப் பிராணி கிடைக்காததற்குக் காரணம் பாறைதான். எங்கள் கேப்பர் மலைச் செம்மணற்கல்லும் உங்கள் திருவக்கரைக் கல்லும் ஒரே கூட்டம், மிக இளசு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அந்தப் பக்கத்து வயசுதான். வழுதாவூர், சேதராப்பட்டு பக்கம் போனால் கிட்டத்தட்ட 7 கோடி ஆண்டுக்கு முந்திய கடல்படுகை வரும். அங்கே எடுத்த சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் 1846-இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் விவரித்திருக்கிறார். அதற்கும் மேற்கே செஞ்சிக்குப் போனால் ஒரே தாவாக 250 கோடி ஆண்டுப் பாறை. நடுவில் 25 கோடி என்று ஒரு பக்கம் இருக்க வேண்டுமே, அது நம் ஊர்ப் புத்தகத்தில் கிழிந்து போயிருக்கிறது. படிக்க வேண்டுமென்றால் தாமோதருக்கோ கோதாவரிப் பக்கமோ ரயில் ஏற வேண்டியதுதான். குடை மறக்காதீர்கள்.

கல்மரப் பூங்காவுக்குள்ளிருந்து எடுத்த கல்லாக இருந்தால், தயவுசெய்து திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது?
– வில்லியனூர் வாசகர்

போன வாரம் என் சித்தப்பா பேத்தி கல்யாணத்துக்குச் சிதம்பரம் போய் வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு மிருகம் இன்னொரு மிருகத்தோடு நட்பாக இருக்குமா, தாத்தா? இல்லை, எப்போதும் கடித்துக்கொண்டே இருக்குமா?
– பாய்மரப் பொம்மைக்காரன், அம்மாவின் கடிதத்துக்குக் கீழே பென்சிலில்

தம்பி, உனக்கென்று ஒரு கதை எடுத்து வைத்திருக்கிறேன். தென் ஆப்பிரிக்காவில் 25 கோடி ஆண்டுக்கு முந்திய ஒரு வளை கிடைத்தது. வெள்ளத்தில் மண் நிரம்பிக் கல்லாய்ப் போன வளை. உடைத்தால் வீணாகும் என்று பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்துக்குக் கொண்டுபோய், உடைக்காமலே பலம் வாய்ந்த எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். 2013-இல் விஷயம் வெளியே வந்தது. உள்ளே த்ரினாக்ஸோடான் ஒன்று படுத்திருந்தது. பூனை மாதிரி சின்னது, நம் நேர்வழிக்குப் பக்கத்து ஆள், நான் சொன்ன சைனோடான்ட் கூட்டம். அதன்மேல் சாய்ந்தபடி, வேறு வீட்டுக்காரர் ஒருவர். புரூமிஸ்டேகா என்ற பிராணி, தவளைப் பக்கத்துச் சொந்தம், உடம்பு பல்லி மாதிரி இருக்கும்.

அதற்கு விலா எலும்பு சில உடைந்திருந்தன, ஆறத் தொடங்கியும் இருந்தன. த்ரினாக்ஸோடான் கடித்த அடையாளம் எதுவும் இல்லை. அடிபட்டது எப்படியோ வளைக்குள் ஊர்ந்து வந்திருக்கிறது. வீட்டுக்காரர் நீண்ட தூக்கத்தில் இருந்திருக்கலாம், அதனால் விரட்டவில்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நட்பா, தூக்கமா என்று அந்த எக்ஸ்ரேயில் தெரியாது. மாமாவிடம் கேட்டு எழுது.